டிரான்ஸ் கொழுப்பு: 2 சதவீத வரம்பும் வீட்டு வாணலியும்

புதுடெல்லி: இதயத்துக்கு மிகுந்த தீங்கு விளைவிக்கும் கொழுப்பு, ஆலைகளில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி வனஸ்பதியாக இறுகச் செய்யும்போது இது உண்டாகிறது. கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை உயர்த்துவதோடு, நல்ல கொழுப்பான எச்டிஎல்லையும் இது குறைத்துவிடுகிறது. நெய்யைவிட இது மோசமானதாகக் கருதப்படுவது இந்த இரட்டைப் பாதிப்பால்தான்.

எண்ணெய், கொழுப்பு வகைகளில் 5 சதவீதமாக இருந்த இதன் உச்ச வரம்பை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021-இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் குறைத்தது. அவற்றைச் சேர்த்துத் தயாரிக்கப்படும் பிஸ்கட், கேக் போன்றவற்றில் உள்ள கொழுப்புக்கும் இவ்வரம்பு பொருந்தும்.

ஆயினும் விஷயம் ஆலையோடு முடிவதில்லை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் தீங்கான சேர்மங்கள் பெருகும். டிரான்ஸ் கொழுப்பும் சிறிது கூடும். 'மொத்த துருவச் சேர்மங்கள்' எனப்படும் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்த 2018 ஜூலை முதல் தடை உள்ளது. உணவகங்களில் சோதித்துப் பார்க்கக் கருவி உண்டு. அப்பளம் பொரிக்கும் வீட்டு வாணலிக்கு அது ஏது?

ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாள்களுக்குள் குழம்பு, கறி வகைகளுக்குப் பயன்படுத்தலாம். மீண்டும் பொரிக்கக் கூடாது என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில் அறிவுறுத்தியுள்ளது.