நார்கொண்டாம் இருவாச்சி

நார்கொண்டாம் இருவாச்சி என்பது அந்தமான் கடலிலுள்ள நார்கொண்டாம் தீவில் மட்டுமே வாழும் காட்டுப் பறவையாகும். வடக்கு அந்தமானுக்குக் கிழக்கே அமைந்த இந்த எரிமலைத் தீவின் பரப்பளவு சுமார் 7 சதுர கிலோமீட்டர். 1873-ஆம் ஆண்டில் ஆலன் ஆக்டவியன் ஹியூம் இப்பறவையைத் தனி இனமாக விவரித்தார். 1885-இல் இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரும் இவரே.

ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு நிறமுடையவை. பெண்ணுக்கு அவை கருப்பு. இரண்டுக்கும் வால் வெள்ளை. அத்திப்பழங்களை உண்டு விதைகளைக் காடெங்கும் பரப்புகின்றன. பெண் பறவை பெரிய மரப்பொந்தினுள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு பிளவின் வழியே ஆண் இரை ஊட்டும். ஆகவே முதிர்ந்த மரங்கள் இல்லையேல் இனப்பெருக்கமும் இல்லை.

1969-இல் தீவில் காவல் நிலை அமைக்கப்பட்டது. அங்கிருந்தோரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகள் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்தன. பழைய மரங்கள் நின்றாலும், அவற்றின் இடத்தை நிரப்பும் மரங்கள் வளரவில்லை. பின்னர் ஆடுகள் அகற்றப்பட்டன. 1977-இல் தீவு சரணாலயமானது.

பின்னர் கடலோரக் காவல்படை அங்கு ரேடார் நிலையம் அமைக்க அனுமதி கோரியது. காட்டுக்குக் கேடு விளையும் எனக் கருதி, 2012-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது; 2014-இல் ஒப்புதல் அளித்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இருவாச்சிகளுக்கு ஒரு காடு அழிந்தால் மற்றொன்று எஞ்சக்கூடும். நார்கொண்டாம் இருவாச்சிக்கு இத்தீவை விட்டால் வேறு காடில்லை.