கேமரா கைமாறிய பிறகு: ஃபோட்டோவாய்ஸ் முறையின் வரலாறும் வரம்பும்

1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில், லிமா நகரச் சிறுவர்களிடம் கேமராவைக் கொடுத்து, சுரண்டல் என்றால் என்னவென்று படத்தால் பதில் சொல்லச் சொன்னார்கள். ஒரு சிறுவன் சுவரில் அடித்த ஆணியைப் படமெடுத்து வந்தான். பெரியவர்கள் விழித்தார்கள்; மற்றச் சிறுவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. ஷூ பாலிஷ் போடும் பையன்களுக்கு வீடு தொலைவில். கனத்த பெட்டியைத் தினமும் சுமக்க முடியாமல், நகரத்துச் சுவரில் ஓர் ஆணியை வாடகைக்குப் பிடித்து இரவில் அதில் மாட்டிவிட்டுப் போவார்கள். இதைப் பதிவு செய்தவர் நாடகக்காரர் அகஸ்டோ போல். இயக்கம் பாவ்லோ ஃபிரெய்ரேயின் கல்விமுறையைத் தழுவியது என்பதாலோ என்னவோ, பின்னாளில் பலர் இதை ஃபிரெய்ரேயின் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். எப்படியானாலும், அந்தப் படம் தானாக எதையும் சொல்லவில்லை. சுற்றி நடந்த பேச்சுதான் அதைச் சாட்சியமாக்கியது. பங்கேற்பாளர் புகைப்படத்தின் பலம் அந்தப் பேச்சிலும், அதைக் கேட்க யார் வந்து உட்காருகிறார்கள் என்பதிலும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வுக்கு உட்படுபவர் கையில் கேமராவைக் கொடுப்பது புதிதல்ல. 1966இலேயே சோல் வொர்த்தும் ஜான் அடேரும் அரிசோனாவில் நவஹோ மக்களுக்குத் திரைப்படக் கேமராவைப் பழக்கினார்கள். ஆனால் அவர்கள் தேடியது நவஹோக்கள் உலகைப் பார்க்கும் விதத்தை. எதையும் மாற்றுவது நோக்கமல்ல. அந்த நோக்கம் சேர்ந்தது 1990களின் தொடக்கத்தில், சீனாவின் யுன்னான் மாகாணத்தில். ஃபோர்டு அறக்கட்டளை ஆதரித்த பெண்கள் நலத் திட்டமொன்றில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 62 கிராமத்துப் பெண்களுக்குக் கேமரா கொடுத்தார்கள். பின்னாளில் ஃபோட்டோவாய்ஸ் என அழைக்கப்பட்ட முறை இதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அப்பெண்களில் உண்டு. ஒரு படத்தில் தாய் சோளக்காட்டில் களையெடுக்கிறாள். காட்டோரம் கைக்குழந்தை தனியே கிடக்கிறது. அது எல்லார் வீட்டுக் கதையுமாக இருந்ததால் பேச்சு குழந்தைப் பராமரிப்பின் பக்கம் திரும்பியது. குழந்தைக் காப்பகம், பேறுகாலப் பணியாளர் பயிற்சி, பெண் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்கு இப்படங்கள் வழிவிட்டதாக வாங் எழுதினார். இதற்குக் காரணம் படங்களின் அழகு அல்ல. முடிவெடுக்கும் அதிகாரிகளைத் திட்டத்தோடு முன்கூட்டியே பிணைத்திருந்தார்கள்.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. அரசு சார்ந்த மகளிர் அமைப்பு துணைநின்ற திட்டத்தில், அரசுக்குக் கசப்பான படம் எவ்வளவு வெளிவந்திருக்கும்? நியாயமான கேள்வி. கேமரா யார் கையில் போகிறது, எந்தப் படம் எடுபடுகிறது, எது ஒதுக்கப்படுகிறது என ஒவ்வொரு படியிலும் ஒருவரது விருப்பு வெறுப்பு புகும் என்பதை வாங்கும் பரிஸும் 1997இல் எழுதிய கட்டுரையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதிகாரத்தை விலக்கி வைத்தால் படங்கள் கண்காட்சிச் சுவரோடு நின்றுவிடும். கேட்க ஆளில்லாத சுதந்திரத்தைவிட, வரம்புக்குட்பட்டாலும் பதில் பெறும் பேச்சு மேல் என்றே தோன்றுகிறது. பிறகு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் கொள்கை வகுப்போரையே படமெடுப்போராகச் சேர்த்தது இந்தத் திசையில் துணிச்சலான அடி. இப்படங்கள் புள்ளிவிவரமாகா என்ற இன்னொரு ஆட்சேபம் அவ்வளவு கனமானதல்ல. எத்தனை பேருக்கு நோய் என்று எண்ணக் கணக்கெடுப்பு இருக்கிறது; அதன் கேள்வித்தாளில் இடம்பெறாத கேள்வியைக் கண்டுபிடிப்பதே இந்த முறையின் வேலை.

முறை பரவப் பரவ, எளிதில் கிடைக்கும் கேமரா நிலைத்தது. அரிதில் கிடைக்கும் அதிகாரியின் காது நழுவியது. கேரிசியா கேட்டலானி, மெரிடித் மிங்க்லர் இருவரும் 2010இல் வெளியிட்ட மீளாய்வில் இம்முறை பற்றிய 37 கட்டுரைகளை அலசினார்கள். சுமார் 60 விழுக்காட்டுத் திட்டங்களில் செயல்பாட்டுக் கூறு இருந்தது. ஆனால் ஊர் அளவில் என்ன மாறியது என்பது சரிவர விவரிக்கப்படவுமில்லை, மதிப்பிடப்படவுமில்லை. சமூகத்தோடு நீண்டநாள் உறவும், தீவிரப் பயிற்சியும், படமெடுப்பதும் பேசுவதுமாகத் திரும்பத் திரும்ப நடந்த சுற்றுகளும் இருந்த இடங்களில்தான் பங்கேற்பு ஆழமாக இருந்தது. அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ஆய்வு நிதியோ பெரும்பாலும் அதற்குமுன் தீர்ந்துவிடுகிறது.