பெயர் ஒன்று, வடிவம் வேறு: சிறு பந்தயக் காரின் மேற்கூடும் காற்றும்

விளையாட்டுப் பொருள்களின் வரலாறு கல்விப்புலத்தில் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ரேடியோ அலையால் இயங்கும், அசலில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டூரிங் கார் அந்தச் சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. வளர்ந்தவர்கள் அதற்குப் பந்தயத் தடம் அமைத்தார்கள், விதிநூல் எழுதினார்கள், ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ள ஒரு ஞெகிழி மேற்கூட்டின் வளைவைக் குறித்து ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, காற்று அந்தக் கூட்டை எவ்வாறு நடத்துகிறது என்பது. மற்றொன்று, காற்றுக்காக மாற்றப்பட்ட கூட்டை இன்னும் பழைய பெயரால் அழைக்கலாமா என்பது.

தொடக்கத்தில் கூட்டின் வேலை ஒத்திருத்தல் மட்டுமே. ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தாமியா நிறுவனம் 1976-இல் தன் முதல் ரேடியோ காரை வெளியிட்டது. அது போர்ஷே 934 டர்போவின் பன்னிரண்டில் ஒரு பங்கு மாதிரி. நிலையான காட்சி மாதிரியாக முதலில் உருவாக்கப்பட்ட அதன் கூடு, கெட்டியான பாலிஸ்டைரீனால் ஆனது. அந்த மாதிரியின் நுணுக்கத்துக்காக நிறுவனத்தின் தலைவர் ஷுன்சாக்கு தாமியா ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து ஆராய்ந்தார் என்பது அவருடைய நினைவுக்குறிப்புகளில் பதிவாகியுள்ளது. கதவின் கோடும் விளக்கின் விளிம்பும் அசலைப் போல இருக்க வேண்டும் என்பதே அன்றைய அளவுகோல். காற்று அந்தக் கணக்கில் இல்லை.

பந்தயம் அந்த அளவுகோலை மாற்றியது. பாலிஸ்டைரீன் கூடு கனமானது. தடுப்பில் மோதினால் உடையக்கூடியது. அதன் இடத்தைப் பாலிகார்பனேட் பிடித்தது. இந்தப் பொருளை 1953-இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரை ஒருவர் அறியாமல், சில நாள் இடைவெளியில் கண்டடைந்தனர். ஜெனரல் எலெக்ட்ரிக் இட்ட வணிகப் பெயரான லெக்ஸான் என்பதே பந்தயக்காரர்களின் பேச்சில் கூட்டுக்கான பொதுப்பெயராக நிலைத்தது. 0.75 மில்லிமீட்டர் அல்லது 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தாளைச் சூடாக்கி, அச்சின்மீது போர்த்தி, இடையிலுள்ள காற்றை உறிஞ்சினால் கூடு உருவாகிவிடும். ஒளி ஊடுருவும் தாள் என்பதால் வண்ணத்தை உட்புறத்தில் பூசலாம். உரசலில் அது அழிவதில்லை.

இம்மாற்றத்தின் விளைவு எடைக் குறைப்போடு நிற்கவில்லை. கெட்டிப் பாலிஸ்டைரீன் பாகங்களுக்கு விலையுயர்ந்த எஃகு அச்சுகள் தேவை. ஒருமுறை செய்துவிட்டால் எளிதில் மாற்ற இயலாது. உறிஞ்சு வார்ப்புக்கு ஒரே ஒரு எளிய அச்சு போதும். கூரையைச் சற்றுத் தாழ்த்தவும், முன்கண்ணாடியை முன்னே நகர்த்தவும் அந்த அச்சைச் செதுக்கினால் முடிந்தது. பதிவு செய்வதற்கென்று இருந்த வடிவம், திருத்துவதற்கு உரிய வடிவமாயிற்று.

ஆயினும் இவ்வளவு சிறிய காரில் காற்று என்ன செய்துவிடும் என்ற ஐயம் இயல்பானது. இதற்கான விடையின் ஒரு பாதி 1638-இல் வெளிவந்த கலிலியோவின் நூலிலேயே உள்ளது. ஒரு பொருளின் நீள அகல உயரங்களைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அதன் பரப்பு நூறில் ஒரு பங்காகும். கனஅளவு ஆயிரத்தில் ஒரு பங்காகும். காற்றின் விசை பரப்பைப் பின்பற்றுகிறது. எடை கனஅளவைப் பின்பற்றுகிறது. ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள பந்தயக் காரை மனத்தில் கொள்ளலாம். பத்தில் ஒரு பங்கு மாதிரி நடைமுறையில் 1.35 கிலோ அளவில் இருக்கிறது. அதாவது எடை ஏறத்தாழ 740-இல் ஒரு பங்கு. பரப்போ 100-இல் ஒரு பங்கு. ஆகவே வேகம் ஒன்றாக இருந்தால், எடையோடு ஒப்பிடுகையில் சிறு காரின்மீது காற்றின் பிடி ஏழு மடங்குக்கும் அதிகம். வேகம் ஒன்றாக இருப்பதில்லை என்பது உண்மையே. பெரிய கார் நொடிக்கு 50 மீட்டரிலும் சிறிய கார் 20 மீட்டரிலும் ஓடுவதாகக் கொண்டால், விசை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், அது 0.16 மடங்காகக் குறையும். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 1.2. வடிவம் ஒன்றேயானால், மணிக்கு 72 கிலோமீட்டரில் செல்லும் சிறு கார் காற்றால் பெறும் தாக்கம், 180 கிலோமீட்டரில் செல்லும் பெரிய காருக்குக் குறைந்ததன்று.

விடையின் மறுபாதி ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸுடையது. மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும் நீரில் சாயத்தைச் செலுத்தி அவர் 1883-இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டத்தின் இயல்பு அளவு, வேகம், பிசுபிசுப்பு ஆகியவற்றின் விகிதத்தைச் சார்ந்தது என்று காட்டியது. 45 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு காருக்கு அவ்விகிதம், அதாவது ரேனால்ட்ஸ் எண், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 6 இலட்சம். 4.5 மீட்டர் நீளமுள்ள காருக்கு 50 மீட்டர் வேகத்தில் 150 இலட்சம். எண் சிறுத்தால் காற்று மேற்பரப்பை விட்டு எளிதில் பிரிந்துவிடும். அசல் காரில் பின்கண்ணாடியைத் தழுவிச் சென்று இறக்கையை அடையும் காற்று, அதே வடிவத்தின் சிறு நகலில் கூரையின் விளிம்பிலேயே பிரிந்து, இறக்கையைச் சுழலுக்குள் விட்டுவிடலாம். எனவே உண்மையான நகல் உண்மையாக நடந்துகொள்வதில்லை. காற்றுச் சுரங்கத்தில் சிறு மாதிரியை வைத்துப் பெரிய காரை அறிய முயலும் பொறியாளர் இந்த வேறுபாட்டைப் பிழையாகக் கருதித் திருத்துவார். சிறு கார் பந்தயத்தில் மாதிரியே இறுதிப் பொருள். ஆகவே திருத்தம் வடிவத்தின்மீதே விழுகிறது.

தடத்தில் இது கையாளுதலாக வெளிப்படுகிறது. மெதுவான வளைவுகளில் டயரும் சுருள்வில்லும் காரை ஆள்கின்றன. வேகமான வளைவுகளில் கூடு பங்கேற்கத் தொடங்குகிறது. முன்னோக்கி நகர்ந்த, செங்குத்தான முன்கண்ணாடி முன்சக்கரங்களின் மேல் அழுத்தத்தைக் கூட்டுகிறது. கார் கூர்மையாகத் திரும்புகிறது. அதற்கு ஏற்ப இறக்கை பின்புறத்தைப் பிடித்து வைக்காவிட்டால், வளைவின் நடுவே வால் வெளியே வீசப்படும். உயர்ந்த பின்பகுதியும் நீண்ட பக்கச் சுவர்களும் அம்பின் இறகுபோல் காரை நேராக வைக்கின்றன; அதற்கு விலையாகத் திரும்பும் வேகம் குறைகிறது. தூண்களில் கூட்டைச் சில மில்லிமீட்டர் முன்னே தள்ளிப் பொருத்தினால் முன்பிடிமானம் கூடுவதையும், பின்னே தள்ளினால் பின்புறம் அடங்குவதையும் பந்தயக்காரர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

சிறு காருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. அதன் கூடு அடியில் திறந்த கவிழ்த்த கிண்ணம். முன் விளிம்பின் அடியிலும் சக்கர வளைவுகளிலும் நுழையும் காற்று உள்ளே நிரம்பி, பின் பம்பரில் குடைபோலச் சிக்கும். இழுவை கூடும், முன்பகுதி தூக்கினால் கார் நேர்பாதையிலேயே எழும்பிப் புரண்டுவிடும். பின் பம்பரின் கீழ்ப்பகுதியை வெட்டி இந்தக் காற்றை வெளியேற்றலாம். எவ்வளவு வெட்டலாம் என்பது விதிநூலின் வரியாயிற்று.

ஒத்த நெருக்கடி அசல் டூரிங் கார் பந்தயத்திலும் நேர்ந்தது. டூரிங் கார் என்ற பெயரே, கடையில் வாங்கி வீட்டுக்கு ஓட்டிச் செல்லக்கூடிய கார் என்ற உறுதிமொழியைக் கொண்டது. 1994-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் டூரிங் கார் போட்டிக்கு ஆல்ஃபா ரோமியோ தன் 155 காரைக் கொண்டுவந்தது. 2,500 எண்ணிக்கையில் விற்பனைக்கு விடப்பட்ட சில்வர்ஸ்டோன் பதிப்பில், முன்விளிம்பு உள்வாங்கிய நிலையில் இருந்தது. பின் இறக்கையை உயர்த்தும் இணைப்புகள் காரின் பெட்டியில் வைத்துத் தரப்பட்டன. பந்தயத்தில் முன்விளிம்பு வெளியே நீட்டப்பட்டது, இறக்கை உயர்த்தப்பட்டது. கேப்ரியேலே தார்குவினி பருவத்தின் தொடக்கப் பந்தயங்களை வென்றார். போட்டி அணிகள் முறையிட்டன. ஓல்டன் பார்க்கில் ஆல்ஃபா அணி போட்டியிடாமலே வெளியேறியது. பின்னர்ச் சமரசம் ஏற்பட்டு, இறுதியில் தார்குவினியே வாகையர் ஆனார்.

விற்ற காரும் ஓடிய காரும் ஒன்றா என்பதே அங்கு எழுந்த வழக்கு. உறுப்புகள் எல்லாம் விற்கப்பட்டவையே. அவற்றின் நிலை மட்டும் வேறு. அமைப்பாளர்கள் 1995-இல் அந்தக் கேள்விக்கு நேரடியாக விடையளிக்காமல், எல்லாக் கார்களுக்கும் வரையறுக்கப்பட்ட அளவில் முன்விளிம்பையும் இறக்கையையும் அனுமதித்தனர். ஒத்திருத்தல் என்ற பழைய அளவுகோலின் இடத்தில் அளவீடு வந்தது.

சிறு கார் உலகமும் அதே வழியில் நடந்தது. ஆப்புப் போன்ற தட்டையான கூடுகள் ஆண்ட 1980-களுக்குப் பின், தெருவில் காணும் காரின் உருவத்தை மீட்பதாகவே 1990-களில் டூரிங் வகுப்பு பரவியது. ஆனால் அதுவும் விரைவில் காற்றின் பக்கம் சாய்ந்தது. அமெரிக்காவின் புரோட்டோஃபார்ம் நிறுவனம் டாட்ஜ் ஸ்ட்ராட்டஸ், மஸ்டா 6 ஆகிய பெயர்களில் விற்ற கூடுகள், அப்பெயருடைய கார்களின் முகத்தை மட்டுமே தாங்கின. கூரையும் கண்ணாடியும் இறக்கையும் தடத்துக்காக அமைந்தவை. விளக்கும் முன்வலையும் ஒட்டுத்தாளில் அச்சிட்டு ஒட்டப்பட்டன. பின்னர் அப்பெயர்களும் உதிர்ந்து, எல்டிசி-ஆர், டைப்-எஸ் போன்ற குறியீடுகள் வந்தன. அமெரிக்க, ஐரோப்பியக் கூட்டமைப்புகள் கூடுகளை ஆய்ந்து ஒப்புதல் பட்டியல் வெளியிட்டன. டூரிங் காரின் கூடு எது என்ற கேள்விக்கு, பட்டியலில் உள்ளது எதுவோ அது என்பதே நடைமுறை விடையாயிற்று.

இதை வீழ்ச்சியாக மட்டும் வாசிப்பது எளிது. தாமியாவின் போர்ஷேயை நேசித்தவர்கள் அப்படித்தான் வாசித்தார்கள். அவர்களுடைய இழப்பு உண்மையானது. அசல் தோற்றத்தை வலியுறுத்தும் தனி வகுப்புகள் தொடர்ந்து உயிரோடிருப்பது அந்த இழப்பின் சான்று. மறுபுறம், ரேனால்ட்ஸ் எண்ணின் கணக்கைப் பார்த்தால், சிறிய காருக்குச் சிறிய காரின் வடிவமே பொருந்தும் என்பதும் மறுக்க இயலாதது. பெரியதன் பெயரைச் சுமந்த காலத்தில் அது நகலாக இருந்தது. பெயரை இழந்த பின்னரே தன் அளவுக்கு உரிய பொருளாயிற்று.

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் மாதிரி என்ற சொல்லை அசலுக்குக் கீழ்ப்பட்டதாகவே கையாண்டு வந்துள்ளனர். இந்த 100 கிராம் கூடு அந்த வழக்கத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. அளவு மாறும்போது காற்றின் இயல்பு மாறுகிறது. காற்றின் இயல்பு மாறும்போது சரியான வடிவம் மாறுகிறது. பெயர் மட்டும் மாறாமல் நிற்கும்போது, அதை நிலைநிறுத்தும் பொறுப்பு விதி எழுதுவோர் கைக்குப் போய்ச் சேர்கிறது.