மெயில் சர்வரை மூடினால் மருந்து எப்படி வரும்? 1988 மோரிஸ் வார்ம் கதை

ஆபீஸ் மெயில் சர்வருக்குள்ள மால்வேர் புகுந்துட்டா முதல்ல என்ன செய்வோம்? "நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கு"ன்னுதான் பெரும்பாலும் சொல்வாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன், இந்தக் கதையைப் படிக்கிற வரைக்கும்.

1988 நவம்பர் 2, புதன்கிழமை மாலை. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஒரு புரோகிராமை எம்.ஐ.டி. கணினி ஒன்றிலிருந்து இன்டர்நெட்டில் விட்டார். தானாகவே பரவும் புழு அது. சன், வாக்ஸ் யூனிக்ஸ் கணினிகள்தான் அதன் இலக்கு.

அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று சென்ட்மெயில், அதாவது அன்றைய மெயில் சர்வர் மென்பொருள். சோதனைக்காக வைத்த டீபக் வசதியைப் பல இடங்களில் அணைக்காமலே விட்டிருந்தார்கள். அது திறந்திருந்தால், பெறுநர் முகவரி கேட்கும் இடத்தில் ஒரு கட்டளையைக் கொடுக்கலாம். சர்வர் அதை அப்படியே இயக்கிவிடும்! டெவலப்பரா சொல்றேன், "அப்புறம் எடுத்துடலாம்"னு விட்ட டீபக் கோடு நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு.

ஏற்கெனவே புழு இருக்கும் கணினி என்று தெரிந்தாலும், ஏழில் ஒரு தடவை அது விலகாமல் தொடர்ந்து ஓடும்படி மோரிஸ் எழுதியிருந்தார். அதனால் ஒரே கணினியில் பல பிரதிகள் ஓடி, வேலையே நின்றுபோனது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாகத் தோராயமாகச் சொல்வார்கள்.

கை மீறிப் போனதும் மோரிஸ் ஹார்வர்டில் இருந்த நண்பர் ஆண்டி சடத்திடம் பேசினார். சடத் பெயர் போடாமல் ஒரு எச்சரிக்கை மெயில் அனுப்பினார். டீபக் இல்லாமல் சென்ட்மெயிலை மறுபடி கம்பைல் பண்ணுங்க என்பதும் அதில் இருந்தது. ஆனா அந்த மெயில் வழியிலேயே மாட்டிக்கொண்டது. அது போய்ச் சேர்ந்தபோது மற்றவர்களே தீர்வைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெர்க்லியிலிருந்து கீத் பாஸ்டிக் மறுநாள் காலையிலேயே சென்ட்மெயிலுக்குப் பேட்ச் அனுப்பினார். பயந்துபோய் இணைப்பைத் துண்டித்த இடங்களுக்கு அதுவும் போகவில்லை. நோய் வந்த வழியும் மருந்து வரவேண்டிய வழியும் ஒன்றுதான்!

அதே மாதம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசர உதவி மையம் அமைந்தது. மெயிலை மட்டும் நம்பாமல், 24 மணி நேரத் தொலைபேசி எண்ணும் வைத்தார்கள். மோரிஸுக்கு 1990-இல் மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியர் ஆனார்.

கேபிளைப் பிடுங்குறது தப்புன்னு நான் சொல்லல. பிடுங்கின பிறகு யாரை, எந்த நம்பர்ல கூப்பிடணும்? அந்த லிஸ்ட் உங்க மெயில்ல மட்டும் இருந்தா, இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.