கொதிக்கும் கல்லும் நம் வீட்டு சிலிண்டரும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2007-ல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கும்வரை கம்பைநல்லூர்ப் பக்கம் பல வீடுகளில் வேலிக்காத்தான் முள்தான் விறகு. அந்தப் புகையில் கண் எரியாத அம்மாவோ அத்தையோ நம் யார் வீட்டிலும் இருந்திருக்க மாட்டார்கள். சிலிண்டர் வந்தது, புகை போனது. அந்த வாயுவில் ஒரு பகுதி கச்சா எண்ணெயின் கனமான அடிச்சரக்கை உடைத்து எடுப்பது. உடைப்பதற்கு உதவுவது ஒரு கல் வகை.

1756-ல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கினார். அது நீராவியைக் கக்கிக்கொண்டு கொதிப்பதுபோலத் தெரிந்தது. கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும்படி சியோலைட் எனப் பெயர் வைத்தார். உள்ளே தேன்கூடு மாதிரி நுண்துளைகள். சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன், இவ்வளவுதான் அதன் சட்டகம். நம் தர்மபுரிப் பாறைகளில் இதைத் தேடாதீர்கள். புனே, நாசிக் பக்கத்து எரிமலைப் பாறைகளில் அழகழகாகக் கிடைக்கும்.

இருநூறு ஆண்டுகள் அது அருங்காட்சியகப் பொருளாகவே இருந்தது. 1962-ல் மொபில் கம்பெனியின் பிளாங்க், ரோசின்ஸ்கி இருவரும் செய்த சியோலைட் வினையூக்கி எண்ணெய் ஆலைக்குள் நுழைந்தது. அதே எண்ணெயிலிருந்து முன்பைவிட அதிக பெட்ரோல்! பிறகு 1972-ல் காப்புரிமை பெற்ற இசட்.எஸ்.எம்-5 என்ற வகையும் வந்தது. அதன் துளை சுமார் 0.55 நானோமீட்டர்தான். நீளமான ஒல்லி மூலக்கூறுகள் மட்டும் நுழையும். உள்ளே துண்டாகி புரொப்பிலீன், பியூட்டிலீன் என்று சிறு வாயுக்களாக வெளியே வரும்.

சிக்கல் நீராவியில் இருந்தது. எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிக்க நீராவி வேண்டும். அது கூடினால் கரி படிவது குறைந்து புரொப்பிலீன் கூடும். ஆனால் வினையூக்கியின் மேல் படியும் கரியை 700 டிகிரி செல்சியஸ் அளவில் எரித்துத்தான் மறுபடி பயன்படுத்த வேண்டும். அந்த எரிப்பில் உண்டாகும் நீராவி, சட்டகத்திலிருந்து அலுமினியத்தைப் பிடுங்கிவிடும். அலுமினியம் இருக்கும் இடத்தில்தான் அமிலத் தன்மை. அது போனால் வேலை செய்யும் கை போன மாதிரி. இதற்கு லாந்தனம், சீரியம் போன்ற அருமண் அயனிகளை ஏற்றினார்கள். இசட்.எஸ்.எம்-5-க்குப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அது அலுமினியத்தோடு பிணைந்து இழப்பைக் குறைக்கிறது. இன்னும் வேடிக்கை, ஒய் வகை சியோலைட்டுக்கு முன்கூட்டியே அளவாக நீராவி காட்டினால் அது இன்னும் உறுதியாகிறது! அம்மை குத்துவது மாதிரி என்று வகுப்பில் சொல்லியிருப்பேன்.

இந்தியாவில் இந்தத் துறையைச் சொன்னால் நம் தமிழ்நாட்டுக்காரர் பால் ரத்னசாமி அவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1942-ல் பிறந்தவர், சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் அவரது குழு உருவாக்கிய என்சிலைட் வினையூக்கி 1980-களில் வதோதராவின் ஐ.பி.சி.எல். ஆலையில் ஓடியது. அது உடைக்கும் வேலை அல்ல, சைலீன் மூலக்கூறின் வடிவத்தை மாற்றும் வேலை. பாலியெஸ்டர் நூலுக்கு மூலப்பொருள். ஆனாலும் சியோலைட் வினையூக்கியை வெளிநாட்டில்தான் வாங்க வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்தது அதுதான் என்பது என் கருத்து. 1984-ல் பட்நாகர் விருது, 2001-ல் பத்மஸ்ரீ.

அடுத்தது இண்ட்மேக்ஸ். இந்தியன் ஆயிலின் ஃபரிதாபாத் ஆய்வு மையம், கனமான எண்ணெயிலிருந்து சமையல் வாயுவும் புரொப்பிலீனும் அதிகம் எடுக்கவே உருவாக்கியது. 2003-ல் குவஹாத்தியில் ஆண்டுக்கு 1 லட்சம் டன் அளவில் சிறிதாகத் தொடங்கியது. பின்னர் ஒடிசாவின் பாரதீப்பில் 40 லட்சம் டன்னுக்கு மேல். சந்தையில் புளி ஏற்றும் வெள்ளைச் சாக்கு இருக்கிறதே, அந்தப் பாலிபுரொப்பிலீனும் புரொப்பிலீனிலிருந்து வந்ததுதான்.

இத்தனைக்கும் பிறகும் நம் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. வளைகுடாவில் சண்டை என்றால் கம்பைநல்லூரில் சிலிண்டர் விலையைப் பற்றிப் பேசுகிறோம். வினையூக்கி எவ்வளவு நன்றாக இருந்தாலும் உடைக்க எண்ணெய் வேண்டுமே.

மணலியிலோ பாரதீப்பிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் இருந்தால், உங்கள் ஆலையில் வினையூக்கியை எத்தனை நாளைக்கு ஒருமுறை புதிதாகச் சேர்க்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.