நீடாமங்கலம்: சத்திரமும் சரக்கு ரயிலும்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூருக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு நீடாமங்கலம் என்றால் ரயில்வே கேட்தான். போட்டால் லேசில் திறக்க மாட்டார்கள். மன்னார்குடி ரயில்களுக்கு என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். நெல் ஏற்றும் சரக்கு ரயிலும் முன்னும் பின்னும் நகர வேண்டும். கொள்முதல் நிலையங்களிலிருந்து வரும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அரவைக்கு வெளி மாவட்டம் போகும் ஒரு ரயிலில் சுமார் 2,000 டன் நெல். நாற்பது கிலோ மூட்டையாகக் கணக்குப் போட்டால் 50,000 மூட்டை. அத்தனையும் தோளில் ஏறித்தான் வேகனுக்குள் போகிறது.

ஊர் வளர்ந்ததே இப்படிக் கடந்து போகிறவர்களாலும் கடந்து போகிறவற்றாலும்தான். கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு, ஊருக்கு மேற்கே மூணாறு தலைப்பில் மறுபடி பிரிகிறது: பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு. மன்னார்குடிப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது இந்த மதகுகளில்தான் தீர்மானமாகும். கரிகாலன் போரிட்ட வெண்ணி என்று சொல்லப்படும் கோயில்வெண்ணியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இன்றைய ஊரின் கதையை மராட்டியர் காலத்திலிருந்து தொடங்குவதே சரி.

தஞ்சை மராட்டிய மன்னன் பிரதாபசிம்மன் (1739–1763) தன் மனைவி யமுனாம்பாள் பெயரில் இங்கே சத்திரம் அமைத்தான். ஊருக்கே யமுனாம்பாள்புரம் என்ற பெயரும் வழங்கியது. குழந்தை வேண்டிச் சந்தானராமர் கோயிலை எழுப்பியவனும் அவனே என்பது ஊர்ப் பேச்சு. ராமேஸ்வரம் யாத்திரை போகிறவர்களுக்காக மராட்டியர் நெடுக அமைத்த சத்திரங்களில் இதுவும் ஒன்று. 1799இல் நாடு கம்பெனி கைக்குப் போனதும், சத்திரங்களாவது பிழைக்க வேண்டுமே என்று இரண்டாம் சரபோஜி 1801இல் ரெசிடென்டுக்குக் கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லாருக்கும் எங்கள் சத்திரங்களில் சோறு உண்டு என்பது அதில் அவர் அடித்துச் சொன்ன விஷயம். பந்தி எப்படிப் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரே வரிசையில் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1861–62இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போட்ட ரயில் பாதை இந்த வழியாக வந்தது. பிறகு மன்னார்குடிக்குக் கிளை பிரிந்தது. அது 1976இல் நின்று, 2011இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது.

பந்தி விவகாரம் 1937 டிசம்பரில் வெடித்தது. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. இங்கே கூடிய காங்கிரஸ் அரசியல் மாநாட்டில் சமபந்தி சாப்பாடு. அதில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆதிதிராவிடப் பண்ணையாட்கள் பின்னர் அடிக்கப்பட்டார்கள், மொட்டையடிக்கப்பட்டார்கள், சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டார்கள். 'விடுதலை'யும் 'குடிஅரசு'ம் விடாமல் எழுதின. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுப்பும் வந்தது. விஷயம் நீதிமன்றம் ஏறியது. அந்தப் பண்ணையாட்கள் நட்டு அறுத்த நெல்தான் பந்தியில் சோறானது. யமுனாம்பாள் சத்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும், பெரும்பாலும் பேசுவதில்லை.

அதே காலத்தில் ஊர்ப் பெயரைக் கச்சேரி மேடைகளில் ஒலிக்கச் செய்தவர் தவில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949). ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்துக்கு வாசித்த அந்தக் கைகளுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

(தொடரும்)