பேடன்ட் கேட்காத ஒரு கேள்வி: குரோம் தோலும் பாலாறும்

இன்னைக்கு எபிசோட் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பத்தினது. ஆனா பிரியாணி பத்தி இல்லை. பேடன்ட் பத்தி, அதாவது காப்புரிமை பத்தி. "தோல் ஊருக்கும் பேடன்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேட்பீங்க. நிறைய இருக்கு.

முதல்ல, பேடன்ட் பரிசோதனைன்னா என்னன்னு பார்த்துடலாம். சென்னை கிண்டியில காப்புரிமை அலுவலகம் இருக்கு. அங்கே ஒரு மின்சுற்றுக்கு மனு வருதுன்னு வெச்சுக்கோங்க. மின்தேக்கிகளை ஸ்விட்ச் பண்ணி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற சர்க்யூட் அது. கூடவே ஒரு சின்ன காயிலைச் சேர்த்து, மின்னோட்டம் பூஜ்யத்துக்கு வரும்போது ஸ்விட்ச் மாறும்படி செஞ்சா சூடாகி வீணாகிற மின்சாரம் குறையும். பரிசோதகர் முக்கியமா மூணு கேள்வி கேட்பார். இது புதுசா? ஏற்கெனவே இருந்த ரெண்டு விஷயத்தை, துறை தெரிஞ்ச யாரும் யோசிக்கிற மாதிரி ஒட்டி வெச்சிருக்காங்களா? தொழிலுக்குப் பயன்படுமா? மின்தேக்கியும் பழசு, காயிலும் பழசு. அப்போ புதுமை எங்கேன்னு மனுதாரர்தான் காட்டணும்.

இதே கேள்விகளோட 19-ஆம் நூற்றாண்டுக்குப் போவோம்.

அப்போ நம்ம ஊர்ல தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும்தான். வாரக்கணக்கில் ஊறணும். அப்படிப் பதனிட்ட தோல் மெட்ராஸ் துறைமுகம் வழியா கப்பலேறியது. 1884-ல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்ற சாய வேதியியலாளர் குரோமியம் உப்பால் தோலைப் பதனிடும் முறைக்கு அமெரிக்க பேடன்ட் வாங்கினார். முதல் தொட்டியில் பைக்ரோமேட், அடுத்த தொட்டியில் அதை வேறு நிலைக்கு மாற்றும் ரசாயனம். 1893-ல் மார்ட்டின் டென்னிஸ் ஒரே தொட்டி முறைக்கு பேடன்ட் வாங்கினார்.

இங்கேதான் நம்ம பரிசோதகர் நிமிர்ந்து உட்காருவார். ஏன்னா, ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்ரிக் க்னாப் 1858-லேயே குரோம் உப்பால் தோல் பதனிடுவதைப் பத்தி எழுதி வெளியிட்டிருந்தார். எழுத்தில் ஏற்கெனவே வந்துட்ட விஷயத்துக்கு எப்படி உரிமை கொடுக்கலாம்? இன்னைக்கும் ஒவ்வொரு மனுவிலும் நடக்கிற சண்டை இதுதான். அமெரிக்காவில் 1836-லிருந்தே பரிசோதனை இருந்தது. ஆனா பிரிட்டனில் புதுமையைத் தேடிப் பார்க்கிற வேலை 1905-ல்தான் தொடங்கியது.

சரி, இதனால ஆம்பூருக்கு என்ன ஆச்சு? குரோம் முறை வந்ததும் அமெரிக்க ஆலைகளுக்கு நம்ம பட்டைத் தோல் வேண்டாம், பச்சைத் தோல் போதும்னு ஆயிடுச்சு. எங்கேயோ பதிவான ஒரு பேடன்ட், மெட்ராஸ் மாகாணத்து டேனரிகளின் வயித்தில் அடிச்சது.

அதுக்குப் பதில் தேடினவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். மெட்ராஸ் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். இந்த ஊருக்கு அலுமினியப் பாத்திரத் தொழிலைக் கொண்டு வந்தவரும் இவர்தான். 1903 வாக்கில் குரோம் பதனிடுதலைச் சோதிக்கத் தொடங்கினார். அவர் முதல்ல குறி வெச்சது ஷூ இல்லீங்க, கவலை ஏற்றம்! மாடு பூட்டிக் கிணத்துத் தண்ணி இறைக்கிற அந்தத் தோல் பைக்கு, நனைஞ்சாலும் சீக்கிரம் அழுகாத குரோம் தோல் பொருத்தமா இருந்தது. அப்புறம் 1910-ல் லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சர் மோர்லி, அரசாங்கமே தொழிற்சாலை நடத்தக் கூடாதுன்னு தடுத்துட்டார். ஆனா தொழில்நுட்பம் இங்கேயே தங்கிடுச்சு.

இந்தக் கதையில எனக்கு நெஞ்சைக் குத்துற இடம் இதுதான். குரோம் தோல் இந்த மண்ணுக்கு வந்தது விவசாயியின் கிணத்துக்கு உதவ.

விடுதலைக்குப் பிறகு ரெண்டு முக்கியமான விஷயம் நடந்தது. ஒண்ணு, 1948-ல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். இன்னொண்ணு, நீதிபதி ராஜகோபால அய்யங்காரின் 1959-ஆம் ஆண்டு அறிக்கை. இந்திய பேடன்டுகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவர் கையில் இருக்கு, அதிலும் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே பயன்படுத்தப்படவே இல்லைன்னு அது சொன்னது. 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்துக்கு அடிப்படையே அந்த அறிக்கைதான்.

அதே எழுபதுகளில் பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி, முடிச்ச தோலையும் ஷூவையும் அனுப்பணும்னு அரசு கொள்கையை மாத்தியது. டேனரிகள் பெருகின, வேலை வந்தது, டாலர் வந்தது. கழிவு பாலாத்துக்குப் போனது. வழக்கமான முறையில் போடுற குரோமியத்தில் கணிசமான பங்கு தோலில் ஏறாம தண்ணியிலேயே தங்கிடும். தோல் கெடாம இருக்கப் போடுற உப்பு வேற. கிணத்துத் தண்ணி கரிச்சதுல அந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர், டேனரிப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழ்னு அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதின்னு அறிவிச்சது. ஆனா விஷயம் அதோட முடியலை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாறு பத்தி மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இப்போ நம்ம மூணு கேள்விக்கு வருவோம். புதுசா? அறிவு சார்ந்த முன்னேற்றமா? பயன்படுமா? ஒரே தொட்டி முறை மூணிலும் தேறியே இருந்தாலும், "மிச்சத் தண்ணி எங்கே போகும்?"னு பேடன்ட் பரிசோதனை கேட்டதில்லை.

2002 திருத்தத்துக்குப் பிறகு நம்ம சட்டத்தின் 3(பி) பிரிவில் ஒரு வரி இருக்கு. மனிதர், விலங்கு, தாவரம், சுற்றுச்சூழலுக்குக் கடும் கேடு விளைவிக்கும் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடையாது. கேட்க நல்லா இருக்கு, இல்லையா? ஆனா யோசிச்சுப் பாருங்க. பேடன்ட் என்பது பயன்படுத்தும் அனுமதி இல்லை, மத்தவங்களைத் தடுக்கும் உரிமை மட்டும்தான். மனுவை நிராகரிச்சா அந்த முறை நின்னுடாது. யார் வேணும்னாலும் இலவசமா செய்யலாம்னு ஆயிடும்! அதனால பாலாத்தை கிண்டி அலுவலகம் காப்பாத்தியிருக்கும்னு நான் நம்பலை. அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நீதிமன்றமும் நாமும் கேட்க வேண்டிய கேள்வி.

ஆனா பேடன்ட் ஒரு நல்ல காரியம் செய்யுது. ரகசியத்தைக் காகிதத்தில் எழுத வைக்குது. என்ன ரசாயனம், எவ்வளவு, எந்த வரிசைன்னு எல்லாரும் படிக்கலாம். ஒரு தொழிற்சாலை வரும்போது நம்ம ஊர்க்காரங்க அதைப் படிச்சிருந்தா, தொட்டியில் என்ன விழப் போகுதுன்னு கிணறு கெடுறதுக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கும். அடையாறு ஆராய்ச்சி நிறுவனம் இப்போ தண்ணீரே சேர்க்காத குரோம் பதனிடும் முறையைக் கொண்டு வந்திருக்கு. ஷூல்ட்ஸ் காலத்தில் யாரும் கேட்காத கேள்விக்கு, நூறு வருஷம் கழிச்சு இங்கேயே ஒரு பதில்.

இந்தியப் பேடன்ட் ஆவணங்களை ஆன்லைனில் யாரும் இலவசமா தேடலாம். உங்க ஊர்ல ஓடுற ஒரு தொழிலின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்க. கிடைச்சதை எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.